கண்ணில் நெல் அடித்தால் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

(சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரில், பிசான அறுவடைக்கு முன் நடந்த மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் கிடையாது. செய்தித் துறையில் எழுதுகிற வேலை, படித்தது இதழியல். கண் நலம் பற்றிப் பேச வேண்டும் என்றதும் வழக்கமான விஷயங்களைத்தான் முதலில் எழுதினேன். காரட் சாப்பிடுங்க, செல்போனைக் குறைங்க, இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தூரத்தில் இருக்கிற மரத்தைப் பாருங்க. எல்லாம் சரியான யோசனைதான். ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற எனக்கு நானே எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது. இந்த ஊரில் இன்னும் இரண்டு வாரத்தில் பிசான அறுப்பு. உங்களில் பாதிப் பேர் வயலில் நிப்பீங்க. மீதிப் பேர் நெல் தூத்துவீங்க, வைக்கோல் அள்ளுவீங்க. உங்க கண்ணுக்கு வருகிற ஆபத்து செல்போனில் இருந்து வரவில்லை, நெல்லில் இருந்து வருது. அதனால் எழுதினதை ஓரமாக வைத்துவிட்டு எங்க ஆச்சியைப் பற்றிச் சொல்றேன்.

ஆச்சிக்கு இடது கண்ணில், கருவிழியின் மேலே, ஒரு உளுந்தம்பருப்பு அளவுக்கு வெள்ளையாக இருக்கும். "கண்ணுல பூ விழுந்துட்டு" என்று வீட்டில் சொல்வார்கள். சின்ன வயதில் நான் அதை நிஜமான பூ என்றே நினைத்தேன். "என்ன பூ ஆச்சி, பிச்சிப்பூவா?" என்று கேட்பேனாம். ஆச்சி சிரிச்சுக்கிட்டே "நெல்லுப்பூட்டி" என்பாள்.

கதை இதுதான். ஒரு கார் அறுப்பு. சூடு அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து ஆச்சி கண்ணில் அடித்தது. வாய்க்காலில் முகத்தைக் கழுவிவிட்டு, கூலி போயிருமே என்று சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்திருக்கிறாள். ராத்திரி உறுத்தல் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். மறுநாள் கொஞ்சம் தேவலை. "அது பாட்டுக்குச் சரியாப் போயிரும்" என்று திரும்பவும் வயலுக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் கண் சிவந்தது. ஒருத்தர் சொன்னதைக் கேட்டு தும்பைச் சாறு விட்டார்கள். அதுக்கும் கேட்கவில்லை. கடையில் போய் "கண்ணு செவந்திருக்கு" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார்கள். அதை விட்டதும் இரண்டு நாள் சிவப்பு குறைந்ததாம். அப்புறம் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூணு வாரம் ஆகியிருந்தது. கண்ணு தப்பிச்சுது, பார்வை தப்பிக்கலை. ஆச்சிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அதுக்கு அப்புறம் நாற்பது வருஷம் ஒரு கண்ணோடுதான் இருந்தாள். காப்பியை ஆற்றும்போது டம்ளர் எங்கே இருக்கிறது என்று கணக்குத் தெரியாமல் கையில் ஊற்றிக்கொள்வாள். ரோட்டைக் கடக்கும்போது நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம் வர வேண்டும்.

இதில் யார் தப்பு செய்தார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொருத்தரும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த மூணு வாரமும் கண்ணுக்குள் என்ன நடந்தது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

நெல்லிலும் நெல் இலையிலும் சுணை இருக்கிறது இல்லையா, கையில் பட்டாலே அரிக்குமே, அது கருவிழியில் பட்டால் கீறல் விழும். கருவிழி என்பது நம் கண்ணின் முன்பக்கம் இருக்கிற கண்ணாடி மாதிரியான தோல். கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது, இருந்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க முடியாது. சாதாரணக் கீறல் என்றால் ஒன்றிரண்டு நாளில் தானாக மூடிவிடும். ஆனால் செடியிலும் மண்ணிலும் வைக்கோலிலும் பூஞ்சைக் காளான் இருக்கும். நெல் அடிக்கும்போது கீறலோடு சேர்த்து அந்தப் பூஞ்சையும் உள்ளே போனால், அது மெதுவாக வளரும். இந்த 'மெதுவாக' என்பதைக் கவனியுங்க. முதல் நாள் உறுத்தும், மறுநாள் சரியான மாதிரி இருக்கும், நாலைந்து நாள் கழித்து, சில பேருக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து, திரும்ப ஆரம்பிக்கும். வலி, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த வெள்ளைப் புள்ளிதான் புண். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். அந்தத் தழும்பைத்தான் பூ என்கிறோம்.

இது ஏதோ எங்க ஆச்சிக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 1999-ல் இருந்து 2002 வரை மூன்று வருஷம் வந்த கருவிழிப் புண்களை ஆராய்ந்து, அதை மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். 3,000-க்கும் மேற்பட்ட புண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பூஞ்சையால் வந்தது. அப்படி வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கண்ணில் ஏதோ அடிபட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் விவசாய வேலை செய்கிறவர்கள். பெரும்பாலும் 21 வயதில் இருந்து 50 வயதுக்குள், அதாவது வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற வயது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னும் அதிகம். நம்ம ஊர்க் கணக்கில் அது ஆனி, ஆடி, ஆவணி. காற்று தூக்கி அடிக்கிற மாதங்கள், கார் சாகுபடி நடக்கிற மாதங்கள். ஆனால் தை மாசியில் பயமில்லை என்று அர்த்தம் இல்லை. அறுப்பு எப்போதோ, அப்போதெல்லாம் உண்டு.

நெல் மட்டும் இல்லை. கரும்புத் தோகை கிழிக்கும். மாட்டைக் கறக்கும்போது வாலால் ஒரு அடி அடிக்கும், அதுவும் கண் டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிற காரணங்களில் ஒன்று. இப்போது மெஷின் அறுப்பு வந்துவிட்டதே என்று அண்ணாச்சி ஒருத்தர் தலையை ஆட்டுறாங்க. மெஷினுக்குப் பின்னால் நின்று பாருங்க அண்ணாச்சி, பதரும் தூசியும் எவ்வளவு பறக்கிறது என்று. டிரைவர் மேலே இருக்கிறார், கீழே சாக்கு பிடிக்கிறவங்களுக்குத்தான் அடிக்கும்.

சரி, அடித்துவிட்டது. என்ன செய்யணும்?

கசக்கக் கூடாது. இது சொல்ல எளிது, செய்ய ரொம்பக் கஷ்டம், எனக்கும் தெரியும். கை தானாகக் கண்ணுக்குப் போகும். கசக்கினால் சின்னக் கீறல் பெரிய கீறல் ஆகும். முதலில் கையைக் கழுவுங்க. அப்புறம் நீங்க குடிக்கக் கொண்டு போன பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவுங்க. வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். தாமிரபரணித் தண்ணி என்றால் நமக்கு ஒரு பெருமை உண்டு, அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கீறல் விழுந்த கண்ணுக்கு ஆற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஆகாது, அதில் வாழ்கிற கிருமி வேறு தனியாகப் புண் உண்டாக்கும்.

கழுவியும் உறுத்தினால், துண்டு நுனியை முறுக்கி எடுப்பது, நாக்கால் எடுக்கிற ஆளிடம் போவது, ஈர்க்குச்சியால் தள்ளுவது, எதுவும் வேண்டாம். ஊருக்கு ஊர் கண்ணில் தூசி எடுக்கிறவங்க இருக்காங்க, நல்ல மனசுக்காரங்கதான், காசு கூட வாங்க மாட்டாங்க. ஆனால் வாயில் இருக்கிற கிருமி அந்தக் கீறலுக்குள் போகும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, இது எதையும் அடிபட்ட கண்ணில் விடக் கூடாது. தாய்ப்பால் பிள்ளைக்கு அமுதம், மறுக்கவே இல்லை. வயிற்றுக்குள் போக வேண்டியது அது. கண் சூடாக இருக்கு என்று மூடின இமை மேலே நந்தியாவட்டைப் பூவை வைக்கிறீங்களா, வையுங்க, நான் தடுக்க மாட்டேன். அடிபட்ட அன்றைக்கு மட்டும் அதுவும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது கடையில் வாங்குகிற சொட்டு மருந்து. எங்க ஆச்சிக்கு இரண்டு நாள் சிவப்பு குறைந்தது என்றேனே, அதை ரொம்ப நாள் நான் மருந்து வேலை செய்தது என்றுதான் நினைத்தேன். இப்போது படித்த பிறகு, அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் குறைத்துக் காட்டும். அதே நேரம் உடம்பின் எதிர்ப்பையும் குறைத்து, பூஞ்சை தாராளமாக வளர வழிவிடும். வீட்டில் பழைய கண் சொட்டு மருந்து இருந்தால் இன்றைக்குப் போனதும் பிள்ளைகளிடம் கொடுத்து அட்டையைப் படிக்கச் சொல்லுங்க. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் கண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்து, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுப்பார்கள். மாமனாருக்கு ஆபரேஷனுக்குக் கொடுத்ததில் மிச்சம் இருக்கிறது என்று மருமகளுக்கு நெல் அடித்த கண்ணில் விடுவதுதான் ஆபத்து. கண் மருந்தைத் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டாலே பொதுவாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கழுவின பிறகும் உறுத்தல் இருந்தால், அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாள் காலையில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்க. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீங்க. நேபாளத்தில் பக்தபூர் என்று ஒரு ஊர், அங்கேயும் நெல்தான், அங்கேயும் இதே தொல்லைதான். அங்கே கிராமத்து சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் விழுந்தவர்களுக்கு உடனே கண் களிம்பு போட வைத்தார்கள். ஒரு நாளைக்கு மூணு வேளை, மூணே நாள். 2001-ல் அந்த முடிவு வெளியானது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருத்தருக்குக் கூடப் புண் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, பெரிய மெஷின் இல்லை, நேரத்துக்கு வந்ததுதான் விஷயம். அந்தக் களிம்பு பேரைச் சொல்லுங்க, நாங்களே வாங்கிக்கிறோம் என்று சொல்லாதீங்க. கீறல்தானா, உள்ளே ஏதும் குத்தி நிற்கிறதா என்று ஒருத்தர் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஏற்கெனவே நாலு நாள் ஆகி, வெள்ளைப் புள்ளி தெரிகிறது, பார்வை மங்குகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்க வேண்டாம். நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு, நம்ம திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கண் பிரிவு. புண்ணில் இருந்து துளி சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சையா பாக்டீரியாவா என்று கண்டுபிடிப்பார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பூஞ்சை என்றால் நேட்டாமைசின் என்ற சொட்டு மருந்து. மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், விலை கூடிய புது மருந்தைவிட இந்தப் பழைய மருந்தே பூஞ்சைப் புண்ணுக்கு மேல் என்று தெரிந்தது. ஆனால் மருந்தை ஆரம்பத்தில் மணிக்கு ஒருதரம் விட வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். அத்தனை நாளும் வயல் வேலை கிடையாது. ஒரு நாள் கூலிக்காகப் பார்க்காமல் விட்டு, ஒரு மாதக் கூலியை இழக்கிற கணக்கு இது.

எதுக்கு இதை மட்டும் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், கண்புரைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கண்புரை வந்தால் அடுத்த மாதம் ஆபரேஷன் செய்யலாம், பொங்கல் கழித்துச் செய்யலாம், லென்ஸ் வைத்ததும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். அதுக்காகப் பாடுபட்டவர் நம்ம பக்கத்து ஆள்தான். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1918-ல் அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர், அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. மூட்டு வாதத்தில் விரல் எல்லாம் கோணிப்போன பிறகும் கத்தி பிடித்துக் கண் ஆபரேஷன் செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. முகாம் பஸ்ஸில் ஏறிப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த ஆச்சிமார் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருப்பீங்க. ஆனால் கருவிழியில் பூ விழுந்தால் அவ்வளவு சுலபம் இல்லை. இறந்தவர் தானமாகக் கொடுத்த கருவிழி கிடைத்தால்தான் மாற்றி வைக்க முடியும், அதிலும் பூஞ்சைப் புண் வந்த கண்ணில் ஒட்டுகிறது கொஞ்சம் கஷ்டம். கண் தானம் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசணும். இப்போதைக்கு ஒன்று: இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், கண்ணாடி போட்டவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கொடுக்கலாம்.

வராமல் தடுக்க என்ன வழி? கண்ணாடி. பவர் இல்லாத வெறும் கண்ணாடி, பக்கவாட்டில் மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. வெல்டிங் கடைக்காரர்களும் டூவீலர்காரர்களும் வாங்குகிற மாதிரிதான், ரொம்ப விலை இல்லை. வியர்வையில் மங்கும், வழுக்கும், மதினிமார் கேலி செய்வாங்க, எல்லாம் உண்மை. வயலில் அறுக்கும்போது முழு நேரமும் போட முடியாவிட்டாலும், தூத்தும்போதும், மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும்போதும், வைக்கோல் உதறும்போதும் போட்டால் போதும். உங்க குழுவில் சேமிப்பு இருக்கு. பத்துக் கண்ணாடி வாங்கிக் குழுவில் வைத்து, அறுப்புக்குப் போகிறவங்க எடுத்துப் போய்க் கழுவித் திருப்பித் தரலாம். இது திட்டம் இல்லை, என் யோசனை.

சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையடிக்கும்போது தெறிப்பது, வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் அமுக்கி விளையாடிக் கண்ணில் பீய்ச்சிக்கொள்வது. இதில் மட்டும் நான் சற்று முன் சொன்ன தண்ணீர்க் கணக்கெல்லாம் கிடையாது. எந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கோ அதை எடுத்து, அந்த நிமிஷமே, இமையை விரித்துப் பிடித்து, கால் மணி அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். சுண்ணாம்பு நிமிஷக் கணக்கில் கருவிழியை வேக வைத்துவிடும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பாக்கெட்டை உயரத்தில் வைங்க.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், டீ வேற கொதிக்குது. பீடி சுற்றுகிற அக்காமார் நாற்பது வயதுக்கு மேல் நூல் முடிச்சு சரியாகத் தெரியவில்லை என்றால் அது வெள்ளெழுத்து, நோய் இல்லை, கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று தள்ளிப்போடாதீங்க. தூள் பட்ட கையோடு கண்ணைத் தொடாதீங்க. சர்க்கரை உள்ளவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு நீங்கதான் வருஷத்துக்கு ஒருதரம் போகணும். சர்க்கரை கண்ணைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலியும் தெரியாது, மங்கலும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்து பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்று சொன்னால், பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா என்று முகத்தைச் சுளிக்காதீங்க. பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்தில் இருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருதரம் அங்கன்வாடியில் வைட்டமின் ஏ திரவம் கொடுப்பார்கள், அதைத் தவற விடாதீங்க. முருங்கைக்கீரை வீட்டு வாசலிலேயே நிற்குது, அதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் பண்ணுங்க, ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், காசு கிடையாது.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு அக்கா வந்து கேட்டார்: "எல்லாம் சரிதான் பிள்ளே. அறுப்பு நேரத்துல ஞாயித்துக்கிழமையும் வேலை உண்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நெல்லு அடிச்சா, எங்க போறது?" நல்ல கேள்வி, நான் பேச்சில் சொல்ல விட்டது. ஹைகிரவுண்டு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு எல்லா நாளும் 24 மணி நேரமும் உண்டு. ஞாயிறு என்றால் அங்கே போய், "கண்ணுல நெல்லு அடிச்சுது, இத்தனை மணிக்கு" என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண்ணில் ஏற்கெனவே ஏதாவது விட்டிருந்தால், தாய்ப்பாலோ சாறோ கடை மருந்தோ, வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள், மருந்துக் குப்பியைக் கையோடு கொண்டு போங்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த மகளிடம், "அந்தக் குப்பியத் தூரப் போடாதட்டி, எடுத்து வை. டாக்டர்ட்ட காட்டணும்" என்றார். வீட்டில் ஏற்கெனவே யாருக்கோ கண் சிவந்துதான் இருக்கிறது போல. யாருக்கு என்று கேட்டேன். மகளுக்குத்தான், மூன்று நாளாக. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போவதாகச் சொன்னார்கள். இன்றைக்கே போங்கள் என்றேன். குழுத் தலைவி ஒரு ஆட்டோவுக்குப் போன் போட்டார்.